காய்ந்த காது

தம்பி ஜொனிக்குச் சம்பந்தம் பேசி வந்த அன்றுதான் சவரியாயி அந்தப் பேரை முதலில் கேட்டாள். "நேசராணி. ஹாலிஎல அந்தோனிப்பிள்ளை மாமா இருக்காருல்ல, அவரு கொழுந்தியா மக" என்றார்கள். பேரோடு சேர்ந்து, பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே இரண்டு காதிலும் சீழ் ஒழுகும் என்ற சேதியும் வந்தது. "ஒழுகாதது எங்க இருக்கு? நம்ம லயத்துக் கூரையே ஒழுகுது" என்று சவரியாயி பேச்சை முடித்துவைத்தாள்.

கல்யாணமாகி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நேசராணிக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் பிள்ளை தங்காதவளுக்கு அந்த அறையே உலகம். எந்தத் தொட்டில் சிணுங்கினாலும், பசியா ஈரமா என்று திரும்பாமலே சொல்வாள்.

மழைக்காலத்தில் காதில் சீழ் வரும். "நேசம் வரும் பின்னே, வாடை வரும் முன்னே" என்று கொழுந்துக்காரிகள் சிரிப்பார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் ஞானேஸ்வரி, யாழ்ப்பாணத்து அம்மா, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் காதுச் சவ்வில் ஓட்டை என்றார். "முதல்ல துணியைத் திரிச்சுச் சீழை ஒத்தி எடுங்கோ. பிறகு துளியை விடுங்கோ. ஓட்டைக் காதுக்கு எல்லா மருந்தும் ஒத்துவராது. நான் தந்ததை மட்டும் விடுங்கோ." அப்படியே செய்தாள். காது காய்ந்தது.

அடுத்த மாரியில் மண் சரிந்து பதுளைப் பாதை அடைபட்டது. காது மறுபடி ஒழுகியது. பழைய மருந்து தீர்ந்திருந்தது. சீழ்க் காதோடு பிள்ளைகளைத் தூக்குகிறாளே என்று தாய்மார் முணுமுணுத்தார்கள். பக்கத்துக் காம்பரா நிலுக்ஷியின் காதுக் கொப்புளத்துக்கு வாங்கிய துளி மருந்து மிச்சம் இருந்தது.

"இதுவும் காதுக்கு விடுறதுதானே அண்ணி. அவளுக்கு ஆறுனது எனக்கு ஆறாதா?"

"டொக்டரம்மா வேற விடக்கூடாதுன்னாங்களே?"

"பாதை தொறந்ததும் போறேன். அதுவரைக்கும் என் வேலை நிலைக்குமா?"

சவரியாயிக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. போத்தல் தீர்ந்தபோது ஜொனி கடையில் அதேபோல இன்னொன்று வாங்கி வந்தான். மருந்தும் வேலை செய்தது. சீழ் நின்றது, வாடை போனது. குணமான காதை யார் கொண்டுபோய்க் காட்டுவார்கள்? பாதை திறந்தும் ஒருவரும் பதுளைக்குப் போகவில்லை.

பிறகு நேசராணிக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "மசக்கையாடி?" என்று லயமே கேலி பேசியது. ஜொனி அந்தோனியாருக்கு மெழுகுதிரி வாங்கி வைத்தான்.

ஒருநாள் பால் கொடுக்க வந்த ஒரு தாய், தொட்டிலில் தன் பிள்ளை கதறிக் கதறி நீலம் பாரித்துக் கிடப்பதைப் பார்த்தாள். நேசராணி அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "செவுடாடி நீ?" என்று அவள் முன்னால் வந்து கத்த, நிமிர்ந்த நேசராணி, "என்ன தங்கச்சி, வெள்ளனவே வந்துட்ட?" என்று சிரித்தாள்.

பதுளையில் டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினை கிழமை விட்டனீங்கள்? இது சவ்வு ஓட்டையில்லாத ஆக்களுக்கு. உள்ள இறங்கி நரம்பைப் பழுதாக்கியிருக்கும்."

"காதுக்கு மிசின் வச்சா, டொக்டர்?" என்றாள் சவரியாயி.

"கொஞ்சம் உதவும். போனது திரும்பாது."

"என்னா சொல்றாங்க அண்ணி?" என்று நேசராணி அறை அதிரக் கேட்டாள். சவரியாயி போத்தலைக் காட்டிக் கையை விரித்தாள்.

பிள்ளைக்காம்பராவுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். நேசராணி இப்போது மடுல்சீமையில் கொழுந்து பறிக்கிறாள். குளவி கலைந்தால் மற்றவர்கள் போடும் கூச்சல் அவளுக்குக் கேட்காது என்று, சவரியாயிக்குப் பக்கத்து நிரையில் நிறுத்தியிருக்கிறார்கள்.