உள்ளாட்சியில் பெயில்

நான் பெயிலானது ஒரே ஒரு பேப்பரில். அதுவும் எதில்? உள்ளாட்சி நிர்வாகத்தில்! சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பிரிவில், அப்போது எனக்கு ஏழு வருஷ சர்வீஸ். உள்ளாட்சிக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு உள்ளாட்சியில் கோட்டை விட எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! ரெண்டாம் தடவை எழுதித்தான் பாஸானேன். அந்த ரெண்டு தடவைக்கும் நடுவில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில், பொது நிர்வாகத்தில் எம்.ஏ. அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்தேன். படித்தால் பிரமோஷனுக்கு ஆகும் என்று யாரோ சொன்னார்கள். ஆகவில்லை, அது வேறு விஷயம். அந்தப் படிப்பின்மேல் என்னைவிட ஆசை வைத்திருந்தவர் என் வீட்டுக்காரர். அத்தை மகன்தான். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. சிதம்பரத்திலிருந்து குமராட்சிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மினிபஸ் ஓட்டினார். எட்டாவதோடு நின்றவர். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின்மேல் யார் வந்து உட்கார்ந்தாலும், ரெண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள், "எங்கூட்டுக்காரங்க எம்.ஏ. படிக்கிறாங்க" என்று சொல்லிவிடுவார். வீட்டில் 'ஏ புள்ள', 'வாடி', 'போடி'தான். பஸ்ஸில் மட்டும் 'படிக்கிறாங்க'. கண்டக்டர் அவரை 'கலெக்டர் ஊட்டுக்காரரே' என்று கூப்பிட்டுக் கிண்டல் பண்ணுவாராம். அதையும் வீட்டுக்கு வந்து பெருமையாகத்தான் சொல்வார்.

டிசம்பரில் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. அந்த நாளெல்லாம் டூட்டி மாற்றிக்கொண்டு என்கூடவே வந்தார். கேட்டுக்கு வெளியே புளிசாதப் பையோடு உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வந்ததும், தானே எழுதிவிட்டு வந்த மாதிரி பெருமூச்சு விடுவார். மார்ச்சில் ரிசல்ட் வந்தது. நாலு பாஸ், உள்ளாட்சி பெயில்.

"திருத்துனவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று குதித்தேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம், ஒப்புக்கொள்கிறேன்.

"அப்படி என்னாத்ததான் எழுதுன?" என்று கேட்டார் மாமா.

சொன்னேன். பொதுமக்கள் மனு ஒன்று உள்ளாட்சி அலுவலகத்தில் எவ்வாறு கையாளப்படுகிறது என்று கேள்வி. நான்தான் தினமும் கையாள்கிறேனே! மனு வரும், நம்பர் போடுவோம், மேசைக்குப் போகும், அந்த மேசைக்காரர் லீவில் இருப்பார், வந்தபிறகு அதன்மேல் வேறு மனு ஏறியிருக்கும், மனு கொடுத்தவர் நாலு தடவை வந்து கேட்டால் அடியிலிருந்து உருவி எடுப்போம். நாலு பக்கம் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன்.

மாமா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "அடிப்பாவி! நடக்கறத எழுதச் சொன்னாங்களா, நடக்க வேண்டியத எழுதச் சொன்னாங்களா?"

அன்றிலிருந்து அவர் வாத்தியாராகிவிட்டார். பாடப்புத்தகம் பஸ்ஸில் சாமி படத்துக்குக் கீழே ஏறியது. ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். 'அதிகாரப் பரவலாக்கம்' அவர் வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது. சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அவர் வரிமேல் விரலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். காலையில் புத்தகத்தை நான் ஆபீசுக்கு எடுத்துப் போவேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் வாங்கிக்கொள்வார்.

"மாவட்டத் திட்டக் குழு. யாரு யாரு இருப்பாங்க?"

"அதெல்லாம் எங்க கூடுது மாமா! பேருக்குத்தான்."

"கூடுதோ கூடலையோ, புக்குல யாரு யாரு?"

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போவார். சும்மா சொல்லக்கூடாது, வாழ்க்கையில் நான் சந்தோஷமாகப் படித்தது அந்த ரெண்டு மாதம்தான்.

மறுபரீட்சை ஜூன் கடைசியில். ஜூன் தொடக்கத்தில் மாமா திடீரென்று கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். புத்தகமும் வீட்டுக்கு வரவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள், நாலு நாள். எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"என்னா மாமா, நான் தேற மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப புக்கு எங்க?"

"வண்டியில கெடக்கு." சோற்றைப் பிசைந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நம்ம வண்டியில ஒரு பொம்பள ஏறுச்சி. கையில அஞ்சு வயசுப் புள்ள. எம் பக்கத்துலதான் குந்தியிருந்துச்சி. புள்ளய இஸ்கூல்ல சேக்கணுமாம். பொறப்பு சர்டிபிகேட்டுல பேரு ஏத்த மூணு நாளா நடவ உட்டுட்டு உங்க ஆபீசுக்கு அலையிதாம். 'அங்க ஒரு கண்ணாடிக்காரி இருக்கா, தலைய நிமித்திக்கூட பாக்க மாட்றா, பெரிய பொஸ்தகத்த விரிச்சி வச்சி படிச்சிக்கிட்டே நாளைக்கி வா, நாளைக்கி வாங்குறா'ன்னு வண்டி பூரா கேக்க சொல்லிச்சி."

என் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது.

"ஏறுற எல்லார்கிட்டயும் சொல்ற ஆளு நானு. அன்னிக்கி, அது எங்கூட்டுக்காரிதான்னு சொல்ல வாய் வரல புள்ள."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஆனால் என் வாய் அடங்கினால்தானே! "ஆபீஸ் நடப்பு உங்களுக்கு என்னா தெரியும்? ரிஜிஸ்டர் ஒருத்தர்கிட்ட, சாவி ஒருத்தர்கிட்ட. புக்கப் படிச்சிட்டுப் பேசாதீங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது."

"நீ கறியே ஆக்க மாட்டேன்றியே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார். குரலை உயர்த்தவே இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் மனுக் கட்டைப் பிரித்தேன். அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பேர் ஏற்றச் சொல்லி அந்த அம்மாவின் மனு அடியில் கிடந்தது. பிள்ளை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பிறப்பு அப்போதே பதிவாகிவிட்டது. பேர் எழுதும் இடம் மட்டும் காலி. சாவியைக் கேட்டு வாங்கி, ரிஜிஸ்டரை எடுத்து, பேரை ஏற்றி, சான்றிதழ் எழுதி, செயல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கினேன். மொத்தம் அரை மணி நேரம். இந்த அரை மணி நேரத்துக்காக ஒருத்தி மூணு நாள் கூலியை விட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று நானே அனுப்பியவள் எப்படி வருவாள்!

மூன்றாம் நாள் பர்மிஷன் போட்டுவிட்டு மத்தியானமே கிளம்பி, சிதம்பரம் ஸ்டாண்டில் நின்ற மாமாவின் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுத் திகைத்தார். சான்றிதழ் உறையைத் தூக்கிக் காட்டினேன். தினமும் அந்த ரூட்டில் ஓட்டுகிறவர், யார் எந்த வயலில் நடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வண்டி கிளம்பி முக்கால் மணி நேரம் கழித்து, ஸ்டாப்பே இல்லாத ஓர் இடத்தில் வாய்க்கால் ஓரம் நிறுத்தி ஹாரன் அடித்தார். வயலில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"அந்த பச்ச சேலைதான்" என்றார்.

இறங்கி வரப்போரம் போய்க் கூப்பிட்டேன். அவள் சேற்றோடு ஏறி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. என்ன தப்பு வந்ததோ என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது.

"பேரு ஏத்தியாச்சும்மா. நான் அன்னிக்கே செஞ்சிருக்கணும். என் தப்புதான், மன்னிச்சிக்கம்மா" என்றேன். ஆபீசில் யாரிடமும் அதுவரை நான் சொல்லாத வார்த்தை.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்தும் ஈரம் போகவில்லை. காகிதத்தை வாங்க மனசு வராமல், "என்னா பேரு போட்டிருக்கு, படிச்சிக் காட்டும்மா" என்றாள். பிள்ளையின் பேரைச் சத்தமாகப் படித்தேன். "இன்னொரு தடவ" என்றாள். படித்தேன். வயலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

"ஆபீசம்மா வயலுக்கு வந்து குடுத்து நான் பாத்ததில்லம்மா. யாரு சொல்லி வந்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. மாமா டிரைவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, வயலுக்கே கேட்கும்படி கத்தினார்.

"எங்கூட்டுக்காரங்கதான்! எம்.ஏ. படிக்கிறாங்க!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, டிரைவர் ஊட்டம்மாவா! அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பனா?"

"அன்னிக்கி சொல்ல முடியலம்மா" என்றார் மாமா. "இன்னிக்கி சொல்றேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உறையை அவள் மடியில் செருகிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எஞ்சின் மூடியின்மேல் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் மாமா சாமி படத்துக்குக் கீழேயிருந்த புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"ம், சொல்லு. மாவட்டத் திட்டக் குழுவுல யாரு யாரு?" என்று கேட்டார்.