அமுதவல்லி மாட்டிய லோயர் ஆர்ம்

அமுதவல்லியின் காரில் பின் சீட்டு கிடையாது. வாங்கிய மறு வாரமே அதைக் கழற்றி மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டாள். அந்த இடத்தில் பட்டுக்கூடு மூட்டைகள் போகும். பாலக்கோட்டுக்கு வடக்கே மல்பெரித் தோட்டம் வைத்து அவளும் கணவன் பூவரசனும் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். முன்பெல்லாம் கூட்டைத் தருமபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக டெம்போக்காரனைத்தான் நம்பியிருந்தார்கள். அவன் வந்தால் வருவான். வராவிட்டால் வண்டி கல்யாணத்துக்குப் போயிருக்குது என்பான். கூட்டுக்குள் இருக்கிற புழு அவனுக்காகக் காத்திருக்குமா? பூச்சியாகி, கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அந்தக் கூட்டை யாரும் தொடமாட்டார்கள். அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் நாற்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, யாரோ ஒரு வாத்தியார் ஓட்டி ஓய்ந்த சின்னக் காரை வாங்கினாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். பூவரசன் சிரிக்கவில்லை, பயந்தான். வண்டி நிற்கும்போதுகூட அதன் முன்னால் நடந்து போகமாட்டான்.

சேலத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போனபோதுதான் காரின் கோளாறு தெரிந்தது. தொப்பூர் இறக்கத்தில் பின்னால் லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் பிரேக்கை மிதித்தாள். முன்பக்கம் ‘டொக்’ என்றது, ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்கிச் சேர்ந்தாள். திரும்பும்போது ஓரமாக, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி வந்து, நேராகப் பாலக்கோட்டில் மாதுவின் ஷெட்டில் நிறுத்தினாள்.

மாது அவள் வயதுக்காரன், பழைய கார்களுக்குப் பேர்போன மெக்கானிக். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான்.

“லோயர் ஆர்ம் ரெண்டும் போச்சும்மா” என்றான். “சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற கையே இதுதான். ரப்பர் புஷ் எல்லாம் கிழிஞ்சு கெடக்குது, பால் ஜாயிண்டும் லூசு. இதோட தொப்பூர்ல எறங்கினியா? நல்ல தைரியம்தான்.”

“தெரிஞ்சிருந்தா எறங்கியிருப்பனாங்ணா?”

இத்தனை பழைய வண்டிக்குக் கம்பெனி பார்ட் இப்போது வருவதில்லை. வெளிக் கம்பெனி செய்ததைத்தான் போட வேண்டும் என்றான். சேலத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொல்லிவைத்தான். ஒரு ஜோடி பஸ் பார்சலில் வந்தது. அமுதவல்லியே பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிவந்தாள். கறுப்புப் பெயின்ட் மினுங்க, புது ரப்பர் வாசனையோடு இருந்தன. மடியில் வைத்துக்கொண்டு அழகு பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மாது ஸ்கூட்டரிலிருந்து விழுந்தான். குறுக்கே வந்த ஆட்டுக்காக ஒதுங்கிச் சாக்கடைக்குள் போய்விட்டான். வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. அமுதவல்லி வீட்டிலோ கூடு அறுவடை முடிந்து மூட்டை கட்டத் தயாராக இருந்தது.

“வேற எடத்துக்குக் கொண்டுபோம்மா” என்றான் மாது. “என் கை இப்படிக் கெடக்குதே.”

அமுதவல்லி அவன் கட்டைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், மூலையில் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்தாள்.

“வாய்க்கு ஒண்ணும் ஆகலையே?” என்றாள். “நீங்க சொல்லுங்க, நான் கழட்டறேன்.”

மாதுவுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அவன் மனைவி ராஜாமணி, “சும்மா உக்காந்து ஈ ஓட்டறதுக்குச் சொல்லித்தான் குடேன்” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அமுதவல்லி சேலைக்கு மேல் மாதுவின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். காரைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினாள். அதுவரை சுலபம். ஆர்மைச் சட்டத்தோடு பிடித்திருந்த பின்பக்க போல்ட் அசையவில்லை. துரு அதையும் சட்டத்தையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. மாது எண்ணெய் அடிக்கச் சொன்னான். அடித்தாள். ஸ்பானர் பிடியில் நீள பைப்பைச் சொருகச் சொன்னான். சொருகினாள். தொங்கினாள். போல்ட் அப்படியே இருந்தது.

“மல்பெரிக் குச்சி வெட்டற கைதானே?” என்றான் மாது.

“குச்சி இப்படி மொண்டு பண்ணாதுங்ணா.”

கடைசியில் எழுந்து நின்று, பைப்பின் நுனியில் கால் வைத்து, மொத்த உடம்பையும் ஏற்றினாள். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். தெருவில் போன டீக்கடைக்காரர் நின்று பார்த்தார். உடைந்துவிட்டது என்றே அமுதவல்லி நினைத்தாள். உடையவில்லை. போல்ட் இளகியிருந்தது. அதற்குப் பிறகு விரலால் திருகி எடுத்தாள். பழைய ஆர்ம் கீழே விழுந்தபோது அவள் முகமெல்லாம் துரு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

புதிதை மாட்டும்போதுதான் வம்பு வந்தது. இடப்பக்கத்துக்கென்று ‘எல்’ போட்டிருந்த பெட்டியைப் பிரித்து எடுத்தாள். பால் ஜாயிண்ட் உட்கார்ந்தது, முன்பக்க போல்ட் நுழைந்தது, பின்பக்க ஓட்டை மட்டும் சேரவில்லை. கடப்பாரை கொடுத்து நெம்பினாள். முழங்காலால் முட்டுக்கொடுத்தாள். இந்தப் பக்கம் சேர்ந்தால் அந்தப் பக்கம் விலகியது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாதுவுக்கு அவள் கால் மட்டும்தான் தெரிந்தது. அங்கிருந்தபடியே செய்தவனைத் திட்டினான்.

“வெளிக் கம்பெனிச் சாமான்னாலே இப்படித்தான். அளவு பாக்காம அச்சுல ஊத்திடறான். திருப்பி அனுப்பிடலாம், விடு.”

அமுதவல்லிக்கு அழுகை முட்டியது. திருப்பி அனுப்பி, மறுபடி பார்சல் வந்து, அதற்குள் கூடு என்னாவது? மறுபடியும் டெம்போக்காரன் வாசலில் போய் நிற்க வேண்டுமா?

அந்த நேரத்தில் பூவரசன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான். காருக்கு நாலடி தள்ளியே நின்றான். மண்ணில் கிடந்த பழைய ஆர்மையும், பிரிக்காத பெட்டியையும் பார்த்தான். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துப் பழையதன் மேல் சும்மா வைத்துப் பார்த்தான். இரண்டும் வளைவுக்கு வளைவு பொருந்தி உட்கார்ந்தன.

“அமுதா மாட்டறது அந்தக் காலுச் செருப்பு போல இருக்குதே” என்று மாதுவைப் பார்த்துச் சொன்னான். “இந்தக் காலுது இங்க கெடக்குது.”

கடைக்காரன் இடதையும் வலதையும் பெட்டி மாற்றிப் போட்டிருக்கிறான். மாது கட்டுப் போடாத கையால் நெற்றியில் தட்டிக்கொண்டான். காருக்கு அடியிலிருந்து அமுதவல்லியின் சிரிப்பு முதலில் வந்தது, அப்புறம்தான் அவள் வந்தாள். சிரித்துச் சிரித்து எழ முடியாமல், கீழே விரித்திருந்த சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜாமணி விஷயம் கேட்டு வந்து, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாருக்கும் டீ போடப் போனாள்.

சரியான ஆர்ம் கையால் தள்ளியதுமே போய் உட்கார்ந்தது. வலப்பக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆனது. கை பழகிவிட்டதால் அது பாதி நேரம்தான் பிடித்தது. உற்சாகத்தில் அமுதவல்லி புஷ் போல்ட்களை அந்தரத்திலேயே முறுக்கித் தள்ளிவிட்டாள். மாது அதைக் கேட்டதும் எழுந்தே நின்றான்.

“இளக்கு, எல்லாத்தையும் இளக்கு. சக்கரம் தொங்கறப்ப முறுக்கினா, வண்டி தரையில உக்காந்ததும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடக்கும். ஆறு மாசத்துல மறுபடி கிழியும். முதல்ல வண்டி எறங்கட்டும்.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே இளக்கினாள். சக்கரம் மாட்டி, காரை இறக்கி, ஷெட்டுக் குழிக்கு மேல் உருட்டினார்கள். வண்டி தன் பாரத்தில் நிற்க, அவள் குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக முறுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் மாது குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டினான்.

ஓட்டிப்பார்க்க அவனே பக்கத்தில் ஏறினான். கிருஷ்ணகிரி ரோட்டில் முதல் வேகத்தடை வந்தபோது அமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். கார் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. அடுத்ததில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினாள்.

“எங் கையி, எங் கையி” என்றான் மாது.

ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நின்றது. தருமபுரியில் சக்கரங்களுக்கு அலைன்மெண்ட் பார்த்தால் சரியாகிவிடும் என்றான். மறுநாள் அவள் மெதுவாக ஓட்டிப்போய், மார்க்கெட்டில் கூட்டைப் போட்டுவிட்டு அதையும் பார்த்துக்கொண்டு வந்தாள். கூடு நல்ல தரம் என்று ஏலத்தில் பெயர் வாங்கியது. அதைவிட, அலைன்மெண்ட் கடையில் வண்டிக்கு அடியில் பார்த்த ஆள், “யாருங்க மாட்டினது, சுத்தமா இருக்குது” என்று கேட்டதைத்தான் பூவரசனிடம் பலதடவை சொன்னாள்.

அடுத்த புழு வரும் வரை தோட்டத்தில் அதிக வேலை இருக்காது. மாதுவின் கட்டு அவிழும் வரை அவள் ஷெட்டுக்குப் போய்வந்தாள். ஒரு கிளட்ச், இரண்டு பிரேக் வேலை, ஒரு ரேடியேட்டர். வேலைக்கு வந்த வண்டிக்காரர்களில் ஒருவர், மாதுவைத் தேடி அவளைத் தாண்டிப் போய், திரும்பி வந்து அவளிடமே சாவியைக் கொடுத்தார்.

இளம்புழு வந்திறங்கிய அன்று அவள் ஷெட்டிலிருந்து நேராகப் புழு வளர்ப்பு மனைக்கு ஓடிவந்தாள். பூவரசன் கதவை மறித்து நின்றான்.

“கையைக் காட்டு.”

சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். அவன் மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

“பெட்ரோல் வாசம். இத்தோட எலை போட்டா ஒரு புழு வாய் தொறக்காது. போ, மறுபடி கழுவிட்டு வா.”

அவள் முனகிக்கொண்டே குழாயடிக்குப் போனாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தாள். அவன் உள்ளே இலை நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.