ஜீவகன் பேரில் ஒரு பட்டா

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் சாலையோரம் மூன்று ஏக்கர் நாற்பது சென்ட் மணிலா நிலம்; வேர்க்கடலையைத்தான் அங்கே மணிலா என்பார்கள். ஜீவகன், அஜித்நாதன் என்ற அண்ணன் தம்பி இருவரும் அதில் பாடுபட்டார்கள். பட்டா மட்டும் அண்ணன் ஜீவகன் பேரில். நான் அங்கே கிராம நிர்வாக அலுவலராக இருந்த 1994 மார்ச்சில், தம்பி பேரையும் சேர்க்கச் சொன்னேன்.

"மூத்தவரு பேரு இருந்தா போதும் சார். எனக்கு எதுக்கு?" என்றார் அஜித்நாதன். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

ஜீவகன் மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. தம்பி திருமணமே செய்துகொள்ளவில்லை. சமணர்கள் ஆதலால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்து மணிக்கு முதலில் வேலை முடித்தவர், மற்றவர் வரும்வரை வரப்பில் நிற்பார்.

2020 ஏப்ரல் ஊரடங்கில், விளைச்சலை ஏலம் விடும் கமிட்டி மூடிக்கிடந்தது. நான் அப்போது ஓய்வுபெற்று அதே ஊரில் இருந்தேன். மூட்டைகள் விற்காமல் வீட்டில் கிடந்தன. அப்போது அரசின் விவசாய உதவித்தொகை இரண்டாயிரம் ஜீவகன் கணக்கில் ஏறியது. வங்கி வாசலில் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் இருவரும் நின்றார்கள்.

"ரெண்டாயிரத்துக்கு ரெண்டு பேரா?" என்றேன்.

"இவன தனியா அனுப்பினா எண்ணாமயே வாங்கிட்டு வந்துடுவான் சார்."

"எண்ணத்தான் நீ இருக்கியேண்ணா," என்றார் தம்பி.

அந்தப் பணம் அந்தப் பட்டத்துக்கு, அடுத்த விதைப்புப் பருவத்துக்கு, விதையானது.

2021 மே 27 அன்று ஜீவகன் கொரோனாவில் இறந்தார். உடல் வீட்டுக்கு வரவில்லை. போன் மட்டும் வந்தது. தம்பி அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 9 அன்று அது ஒலித்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "அண்ணனுக்குப் பணம் வந்துருக்குது சார்."

இறப்பைத் தெரிவித்துப் பட்டாவை மாற்றினால் உதவி அவருக்கே வரும் என்று விளக்கினேன். "அண்ணன் பேர நானே அடிக்கிறதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 1, மே 31 அன்றும் பணம் ஏறியது. அவர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. கூலி வேலைக்குப் போனார். விதை வாங்க வழியின்றி இரண்டு பட்டம் நிலத்தில் கோரை மண்டியது.

உதவித்தொகை வாங்கும் எல்லாரும் விவரங்களை மறுபடி உறுதிசெய்ய வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 2022 ஜூலை 27 அன்று இ-சேவை மையத்துக்கு அவரோடு போனேன். அங்கே இருந்த பெண் கவிதா, ஜீவகன் பேரைப் பார்த்தாள்.

"பெரியவரு வரலன்னாலும் பரவால்ல தாத்தா. போனுக்கு ஆறு நம்பர் வரும், சொல்லுங்க. முடிஞ்சிடும்."

போன் ஒலித்தது. சொல்லிவிட்டால் அண்ணன் பேர் பட்டியலில் இருக்கும்; அந்தப் பணத்தை அவர் தொடமாட்டார், நிலம் தரிசாகவே கிடக்கும். அஜித்நாதன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் செத்துப் பதினாலு மாசம் ஆவுதும்மா."

கவிதா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாக, "அதுக்கப்புறம் வந்த ஆறாயிரத்தத் திருப்பிக் கட்டணும் தாத்தா," என்றாள்.

"அப்படியே இருக்குதும்மா."

"உங்க பேர்ல பதியறதுக்கு உங்க போன் நம்பர்?"

அவருக்கென்று போன் கிடையாது. அண்ணன் எண்ணையே கொடுத்தார்.

பட்டா மாற ஆறு மாதம் ஆயிற்று. 2023 பிப்ரவரி 27 மாலை வரப்பில் பேசிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. இரண்டாயிரம் ஏறியிருக்கும் செய்தியை நான் படித்துச் சொன்னேன்.

"இது என்னுதா சார்?"

"உங்களுதுதான்."

"அண்ணனுக்கு வந்ததெல்லாம் அழிஞ்சிடுமா?"

"அழியாது. அதுலயே இருக்கும்."

போனைச் சட்டைப்பையில் வைத்தார். மணி ஐந்து பத்து. சாப்பிடப் போகாமல், முன்பு அண்ணன் வரும்வரை நிற்பதுபோல, இன்னும் உழாத நிலத்தைப் பார்த்தபடி வரப்பிலேயே நின்றார்.