இனோக்கே வீட்டுப் பன்றி

பெனி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது. ஞாயிறு தவறாமல், எங்கள் தீவில் மரியாதைக்கு உடுத்துகிற கோரைப் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவான். பாடகர் குழுவில் அவன் அடிக்குரல் எடுத்தால் ஜன்னல் பலகை அதிரும். அடுத்தவன் கிழங்குத் தோட்டத்தில் ஒருநாளும் கைவைத்ததில்லை. அவனுக்கு இருந்த ஒரே வியாதி இனோக்கே.

இனோக்கே அவனுடைய சித்தி மகன், நாலு வயது இளையவன். வீடும் அடுத்த வீடு. நடுவில் ஒரு செம்பருத்தி வேலி. அதிலும் ஆள் நுழைந்து போகிற அளவுக்கு ஒரு சந்து. ஒரே மழை, ஒரே மண், ஒரே நாளில் நட்ட பெருவள்ளி. தோண்டிப் பார்த்தால் இனோக்கேயின் கிழங்கு மட்டும் கைக்குழந்தை கனம் இருக்கும். இருவரும் சேர்ந்து வலை வீசினால் மீன் அவன் பக்கமாகத்தான் திரும்பும். தனிப்பாட்டு என்று வந்தால் பாட்டு வாத்தியாரின் விரல் தானாக அவனைக் காட்டும். இதையெல்லாம் பெனி தன் ஜெபத்தில் ஆண்டவரிடம் முறையிட்டான். "அவனுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும், அது போதும்" என்று தொடங்குவான். ஆமென் சொல்வதற்குள் "கொஞ்சம் கூடவே கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்" என்று சேர்த்துக்கொள்வான்.

எல்லாவற்றையும்கூட அவன் பொறுத்துக்கொள்வான். பொறுக்க முடியாதது கிறிஸ்துமஸ் விருந்துதான்.

எங்கள் தீவில் கிறிஸ்துமஸ் அன்று வீட்டைத் தாண்டிப் போகிற எவனையும் "வா, சாப்பிடு" என்று கூப்பிடாமல் விடக்கூடாது. கூப்பிடுவது எல்லோரும்தான். ஆனால் ஆட்கள் நுழைவது இனோக்கே வீட்டுக்குள். அறுவடைக்கு வந்த வேற்றுத்தீவுக்காரன், புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ், புயலில் கூரை போனவர்கள், எல்லோரும் அங்கேதான். சாப்பிட்டு முடித்ததும் விருந்தாளிகள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்காரனுக்கு நன்றி சொல்லிப் பேசுவார்கள். வீட்டுக்காரன் தலையைக் குனிந்து அழ வேண்டும். அழாவிட்டால் மரியாதை இல்லை. வருடா வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் இனோக்கே அழுவது இந்தப் பக்கம் பெனிக்குக் கேட்கும். அவன் அழுகைகூட நல்ல ராகத்தில் இருக்கும். பெனிக்கு வயிறு பற்றி எரியும்.

அந்த வருடம் எரிச்சல் இரண்டு மடங்கு. பெனியின் மகன்கள் இருவரும் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போனவர்கள், இந்தத் தடவை வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவனும் அவன் மனைவி மெலியாமேயும் மட்டும். வேலிக்கு அப்பால் இனோக்கேயின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று சந்தை இரைச்சல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வடக்கே போகிற கப்பல் இயந்திரம் பழுதாகி எங்கள் துறையிலேயே நின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த பயணிகள் பெட்டியும் பாயுமாக இறங்கிக் கோயில் கூடத்தில் படுத்தார்கள். அன்று மாலை ஜெபத்தில் போதகர் அதிகம் பேசவில்லை.

"சத்திரத்துல இடமில்லைன்னு சொன்னவன் கதையை வருஷா வருஷம் வாசிக்கிறோம். நாளைக்கு மத்தியானம் இவங்களுக்கு யாரு சோறு போடப் போறா?"

எல்லோர் கண்ணும் பழக்கத்தில் இனோக்கே பக்கம் போனது. இனோக்கேயும் பழக்கத்தில் பாயைச் சரிசெய்துகொண்டு எழப்போனான். அதற்குள் பெனி எழுந்து நின்றுவிட்டான். எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"என் வீட்ல" என்றான்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எல்லாருக்குமா, பெனி?"

"எல்லாருக்கும்தான்."

இனோக்கே திரும்பிப் பார்த்து, "நல்ல காரியம், அண்ணே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு துளி வருத்தமாவது இருக்கிறதா என்று பெனி தேடிப்பார்த்தான். இல்லை. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெலியாமே பிடித்துக்கொண்டாள். "நம்ம ரெண்டு பேருக்குச் சமைக்கவே நான் திண்டாடுறேன். உங்களுக்கு என்ன திடீர்னு இவ்வளவு தர்ம சிந்தனை?"

"கிறிஸ்துமஸ் இல்லையா?"

"போன வருஷமும் கிறிஸ்துமஸ்தான் வந்துச்சு."

பெனி பன்றிப் பட்டிக்குப் போனான். சாதாரணமாக விருந்துக்கு அடிக்கிற அளவில் ஒரு பன்றி இருந்தது. அதன் பக்கத்தில் மூத்த மகன் கல்யாணத்துக்கென்று வளர்த்துவந்த பெரியது படுத்திருந்தது. வேலிச் சந்து வழியாக இனோக்கே எந்தப் பன்றியைக் கட்டியிருக்கிறான் என்று எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு வந்து பெரியதையே அவிழ்த்தான்.

விடியுமுன் குழியடுப்பில் கல்லைக் காய்ச்சி, பன்றியை இறக்கி, மேலே கிழங்கும், இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டிய சேப்பங்கீரைப் பொட்டலங்களும் அடுக்கி, வாழையிலை போட்டு மண்ணை மூடினான். மூடிய குழியடுப்பு விஷயத்தில் எங்கள் ஊர்ச் சட்டம் ஒன்றுதான்: ஒரு தடவை மண்ணைத் தள்ளிவிட்டால் சூடு போய்விடும், திரும்ப மூடிப் பயனில்லை, கல்லை முதலிலிருந்து காய்ச்ச வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். அவ்வளவு பெரிய பன்றி ஆராதனை முடிந்த பிறகும் இரண்டு மணி நேரமாவது உள்ளே கிடக்க வேண்டும் என்று பெனிக்கும் தெரியும்.

கோயிலில் கடைசிப் பாட்டுக்கு முன்பாக அவன் ஜன்னல் வழியே பார்த்தான். இனோக்கே வீட்டுப் பக்கமிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. இனோக்கேயின் மருமகன் அடுப்பைத் திறந்துவிட்டான். அந்த வாசனை காற்றில் ஏறினால் கப்பல்காரர்கள் கால் தானாக எந்த வீட்டுக்குப் போகும்? அடிக்குரல் இல்லாமல் பாட்டு ஒருபக்கம் சாய்வதைப் பொருட்படுத்தாமல் பெனி பின்வாசல் வழியாக வெளியேறினான். மண்வெட்டியை எடுத்தான். மண்ணைத் தள்ளினான். இலையை விலக்கினான்.

பொட்டலங்கள் வெந்திருந்தன. கிழங்கு பரவாயில்லை. பன்றியின் தொடையில் கத்தியை இறக்கியதும் சிவப்பாக நீர் வடிந்தது. உள்ளே பச்சை.

மெலியாமே பின்னால் வந்து நின்றாள். திட்டவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, வாசலுக்கு வந்துட்டாங்களே" என்றாள். தெருவில் கப்பல்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வருவது கேட்டது.

அப்போதுதான் வேலிச் சந்தில் இனோக்கே தலையை நீட்டினான். குழியைப் பார்த்தான். பன்றியைப் பார்த்தான். பெனியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே போய் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவர் தோளிலும் தென்னங்கீற்றுத் தட்டில் அவர்கள் வீட்டுப் பன்றி. அதை இறக்கி வைத்துவிட்டுப் பச்சைப் பன்றியை அதே தட்டில் தூக்கிக்கொண்டார்கள்.

"நல்லா வெந்திருக்கு, அண்ணே. சீக்கிரம் வெட்டு. அண்ணி, இலை போடுங்க."

வேண்டாம் என்று சொல்லப் பெனி வாயெடுத்தான். அதற்குள் முதல் விருந்தாளி படியேறிவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல! கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. கப்பல்காரர்களில் வடக்குத் தீவைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க உபதேசியார் இருந்தார், நல்ல உடம்புக்காரர். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டு, "உங்க சபையில பிரசங்கம் நீளம்னு கேள்விப்பட்டிருக்கேன். பன்னி இப்படி வேகணும்னா நீளமாத்தான் இருக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேலிக்கு அப்பால் டப்பா மாட்டுக்கறி திறக்கிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. கூடவே ஒரு பேத்தியின் குரல்: "தாத்தா, நம்ம பன்னி எங்க போச்சு?"

"நடந்து போயிருச்சு. வாயை மூடிட்டுத் தின்னு" என்றான் இனோக்கே.

பிறகு நன்றி சொல்ல எழுந்தார்கள். தங்கள் வீட்டில்கூட இப்படிச் சாப்பிட்டதில்லை என்றார்கள். பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, வந்தவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்த பெரியவர் என்றார்கள். உபதேசியார் விம்மினார். பெனி தலையைக் குனிந்தான், கண்ணீர் கொட்டியது. இத்தனை வருடம் ஏங்கிய பேச்சு இது. ஒவ்வொரு சொல்லும் இனோக்கே வீட்டுப் பன்றிக்குச் சேர வேண்டிய சொல். அவமானத்திலும் ஆத்திரத்திலும் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். இவ்வளவு தாழ்மையான மனிதரைப் பார்த்ததில்லை என்று கப்பல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலை ஆராதனையில் போதகர் அவன் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். எல்லோருக்கும் முந்தி உரக்க ஆமென் சொன்னது இனோக்கே. பெனிக்கு அங்கேதான் ஒன்று உறைத்தது. யாருக்கும் தெரியாமல் செய்த நன்மைக்கு மேலே தனிக் கூலி உண்டு என்று இதே போதகர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! ஊர்ப் புகழ் பெனிக்கு. அது நாளைக்குக் காலையில் ஆறிப்போகும். ஆண்டவர் முன்னிலையில் இருக்கிற புகழ் முழுவதும் இனோக்கேக்கு. அது ஆறவே ஆறாது. கிழங்கு, மீன், பாட்டு எல்லாம் போதாதென்று பரலோகத்திலுமா அவன் முந்த வேண்டும்? அங்கேயும் அவன் வீடு அடுத்த வீடாக இருந்துவிட்டால்?

சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழலாம் என்று போதகர் சொன்னதும் பெனி துள்ளி எழுந்தான்.

"அந்தப் பன்னி என்னுது இல்ல. இனோக்கேயோடது. என்னோடது வேகல. அவசரப்பட்டுத் திறந்துட்டேன். யாருக்கும் தெரியாம இவன் கொண்டாந்து குடுத்தான். இவன் வீட்டுப் பிள்ளைங்க டப்பாக் கறி தின்னாங்க. எல்லாருக்கும் தெரியட்டும், நல்லாத் தெரியட்டும்!"

பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என்ன மனசு பாரு! இல்லாத பெருமை வேண்டாம்னு தானா எழுந்து சொல்லிட்டானே!" உபதேசியார் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லோரும் பெனியின் கையைக் குலுக்கினார்கள். இனோக்கேயை யாரும் கவனிக்கவில்லை. அவன் முகம் கறுத்துப் போயிருந்தது.

வெளியே வந்ததும் அவன் பெனியைப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போனான்.

"எதுக்கு அண்ணே சொன்ன? உன்னை யாரு கேட்டா?"

"உண்மையைச் சொன்னேன்."

"சின்ன வயசுலேருந்து உன்னை எனக்குத் தெரியாதா? நான் செய்ற எதுவா இருந்தாலும் ஊரே பாத்துரும். எல்லாம் இங்கயே வாங்கித் தின்னு தீத்தாச்சு. மேல கொண்டுபோக எங்கிட்ட ஒண்ணுமே இல்லையேன்னு எத்தனை நாள் தூங்காம கிடந்திருக்கேன். முதல் தடவையா ஒண்ணு சிக்குச்சு. அதையும் கெடுத்துட்டியே!"

இனோக்கேக்கு இல்லாத ஒன்றும் உண்டா! பெனிக்கு மனதுக்குள் பட்டாசு வெடித்தது. கொஞ்சநேரத்தில் அதுவும் புஸ்ஸென்று போனது, ஏனென்றால் இனோக்கே நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், ராகமில்லாமல், அசிங்கமாக.

"சரி வா. உன் பன்னி வெந்திருக்கும். மறுபடியும் கல்லைக் காய்ச்சி வச்சேன்" என்றான் இனோக்கே.

இரண்டு வீடும் இனோக்கே முற்றத்தில் உட்கார்ந்தன. பேரப்பிள்ளைகள் பாய்ந்து தின்றார்கள். பெனி ஒரு துண்டை வாயில் போட்டான். இரண்டு தடவை சூடு பட்டதாலோ என்னவோ, கொழுப்பு உருகி இறங்கி, கறி அப்படியொரு ருசி. மத்தியானம் தின்றது இதன் பக்கத்தில் நிற்காது. இன்னொரு துண்டை எடுத்துச் சோதித்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இனோக்கேயை ஜெயித்துவிட்டான். மெலியாமேயும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

இனோக்கே தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மத்தியானப் பன்றியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன். ஆனால் தன் வீட்டுப் பன்றியின் ருசி அவனுக்குத் தெரியாதா? மெதுவாக, விளையாட்டுக்குக் கேட்பதுபோல் கேட்டான்.

"மத்தியானம் தின்னது, இது, ரெண்டுல எது நல்லாருக்கு, அண்ணே?"

கேட்ட விதம் பெனிக்கு நன்றாகத் தெரிந்த விதம். அவனே எத்தனை பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறான். அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். முற்றம் முழுவதும் அவன் பதிலுக்குக் காத்திருந்தது.

"உன்னோடதுதான்டா" என்றான்.

இனோக்கேயின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பெனிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சொன்னதை அவன் திரும்ப வாங்கவில்லை.