முட்டைக்கோஸ் இலையில் பிசுபிசுப்பு

ரொக்ஸ்பரோ புறநகர் வீட்டுக்குக் குடிவந்த இரண்டாவது கோடையில், அனுசூயாவின் முட்டைக்கோஸ் இலைகள் கையில் ஒட்டின. 1973 ஜூலை. தொட்ட விரலைப் பிரித்தால் பாகு போல இழுத்தது.

"மேப்பிள் மரத்துலேருந்து ஏதோ வடியுது," என்றார் கணவர் சண்முகவேல். பாலங்கள் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். எதற்கும் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுவார்.

"மரம் அந்தக் கோடியில இருக்குங்க. இங்க எப்படி வடியும்?"

அவள் குனிந்து இலையைத் திருப்பினாள். அடிப்பக்கம் சாம்பல் பூசினாற்போல் அசுவினிக் கூட்டம், பேன் போன்ற பொடிப்பூச்சிகள். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீராகக் கழித்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் தண்டில் எறும்புகள் ஏறி இறங்கின. கீழ் இலைகளில் அந்தப் பிசுபிசுப்பின் மேல் கறுப்பாகப் பூசணமும் படரத் தொடங்கியிருந்தது. கோயம்புத்தூரில் பூச்சியியலில் எம்.எஸ்ஸி. வாங்கியவள் அவள். ஆறு வருஷம் முன்பு கல்யாணமாகி, கடல் கடந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த பிறகு, படித்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்த புதிதில் நகருக்கு வெளியே ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டாள். பதிலே வரவில்லை. நம் படிப்பு இங்கே செல்லாது போலிருக்கிறது என்று அடங்கிவிட்டாள்.

அந்த ஜூலையில் அவளுக்குப் பழைய சுறுசுறுப்பு திரும்பியது. மோசமான இலைகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்கினாள். ரப்பர் குழாயைப் பிடித்து இலைகளின் அடியில் வேகமாகத் தண்ணீர் அடித்தாள். பிறகு மெல்லிய சோப்புக் கரைசல் தெளித்தாள். எறும்புப் புற்றில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த வாரமே கறுப்பும் ஆரஞ்சுமாக, முதலைக் குட்டி போன்ற சிறு புழுக்கள் இலைகளில் தென்பட்டன. பொறிவண்டின் புழுக்கள். அசுவினியை வாரி வாரித் தின்பவை. சோப்பை நிறுத்திவிட்டாள்.

"இனிமே இதுங்க பார்த்துக்கும். நாம பொறுமையா இருந்தா போதும்," என்று கணவரிடம் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "சரி சரி" என்றார்.

நகரின் இன்னொரு பகுதியான கோட்-டெ-நெய்ஜில் இருந்த சிநேகிதி உஷாவுக்குக் குழந்தை பிறந்தது. பத்தியம் சமைத்துப்போட அனுசூயா அங்கே போய்த் தங்கினாள். திரும்பி வந்ததும் பையைக்கூட உள்ளே வைக்காமல் தோட்டத்துக்குப் போனாள். காற்றில் மருந்து நாற்றம். பாத்தி மண்ணில் புழுக்கள் சுருண்டு செத்துக் கிடந்தன.

சண்முகவேல் சிரித்தபடி பின்னால் வந்தார். "உனக்கு சர்ப்ரைஸ். கடையில இருக்கறதுலேயே ஸ்ட்ராங்கான மருந்து எதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், வாங்கி அடிச்சேன். கறுப்பா அசிங்கமா ஒரு புழு மேஞ்சுட்டு இருந்தது. ஒண்ணு விடல."

"அது பொறிவண்டுக் குஞ்சுங்க. நான் சொன்னேனே!"

"சொன்னியா? சரி விடு, அசுவினியும்தான் செத்துது."

"மிச்சம் மீதி இருக்கும். இனிமே தின்ன ஆளில்லாம பெருகும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா பொறு பொறுன்னுதான் சொல்லுவ." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் உனக்காகத்தான் செய்யறேன். இந்த நாட்டுக்கு வந்த வருஷம் அந்த ஆராய்ச்சி நிலையத்துலேருந்து உன்னை வேலைக்குக் கூப்பிட்டு போன் பண்ணினான். நீ கடைக்குப் போயிருந்த. பனியில ரெண்டு பஸ் மாறி எப்படிப் போவ? வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்பவும் உன்னைக் கேட்டுட்டா இருந்தேன்? நல்லபடியா குடும்பம் நடக்கலையா?"

சொன்ன பிறகும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

ஆகஸ்டு பாதியில் அசுவினி முன்னைவிட மோசமாக வந்தது. குருத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. அனுசூயா வாளியையும் தொடவில்லை, குழாயையும் தொடவில்லை. ஒருநாள் காலை எல்லாச் செடிகளையும் வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் திணித்தாள்.

அந்தக் குளிர்காலமே ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரில் போனாள், இரண்டு பஸ் மாறி. அன்று போன் செய்தவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். இப்போது இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் இருந்தேன் என்றாள். அதற்கு மேல் அவர் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை கிடைத்தது. அதிலேயே காலம் ஓடியது. பாத்தி இருந்த இடத்தில் சண்முகவேல் புல் பதித்தார். விருந்தாளிகள் வந்தால் ஜன்னல் வழியே காட்டி, "அனுவுக்குத் தோட்டம்னா உயிரு. என்னவோ, திடீர்னு விட்டுட்டா," என்பார். உண்மையிலேயே அவருக்குக் காரணம் தெரியாது. அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.