முப்பது பேராக எழுதியவன்

நான் பயந்தால் முதலில் அறிவிப்பது என் வயிறுதான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டாருக்கு இது பழகிப்போன செய்தி. தபாலில் அரசாங்க முத்திரையோடு ஏதாவது வந்தாலே குளியலறைக்குள் போய்விடுவேன். மனைவி கதவுக்கு வெளியே நின்று வாசித்துச் சொல்வாள். அன்று அந்தக் கடலோர ஹோட்டல் மண்டபத்தில், மொழிபெயர்ப்பாளருக்கான கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது ஓடுவதற்கு வழி இருக்கவில்லை.

கதை அதற்குச் சில மாதங்களுக்கு முன் தொடங்கியது. ஒரு விளம்பர நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பியது. இணையத் தளங்களுக்கான புதிய சட்டவரைவில் ஒரு பிரிவை நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பிரிவு சொன்னது இவ்வளவுதான்: ஒருவர் தன் மொழியில் முறைப்பாடு செய்தால், அந்த மொழி தெரிந்த ஒரு மனிதர் ஏழு நாட்களுக்குள் அதை வாசித்துப் பதில் சொல்ல வேண்டும். கடிதத்தைத் தமிழில் முப்பது விதமாக எழுதித் தரும்படி கேட்டார்கள். "ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கக் கூடாது சேர், சும்மா மாதிரிக் கடிதங்கள்தான்" என்றாள் தொலைபேசியில் பேசிய பெண். யாருக்கு மாதிரி என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு.

மறைப்பானேன், குஷியாகவே எழுதினேன். மாளிகாவத்தைக் கடைக்காரர் ஒருவர், ஜிந்துப்பிட்டித் தையல்காரி ஒருத்தி, மலையகத்திலிருந்து வந்த ஹோட்டல் தொழிலாளி ஒருவர். ஆளுக்கொரு பேச்சு. ஒரே பிற்பகலில் முப்பது பேராக இருந்தேன். வீட்டிலிருந்து பலகாரம் விற்கும் கொட்டாஞ்சேனைத் தாய் ஒருத்திக்கு மட்டும் குரல் அகப்படவில்லை. கடைசியில் என் மனைவியின் தங்கையுடைய பேச்சைக் களவெடுத்தேன். என் மச்சாள் கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். முக்கியமான எதையும் "பொறுங்கோ, ஒரு மூச்சு எடுத்திட்டுச் சொல்லுறன்" என்றுதான் தொடங்குவாள். கடிதத்தையும் அப்படியே தொடங்கினேன். வாசித்துப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, யாரோ மச்சாளுடைய படத்தையும் தொலைபேசி எண்ணையும் போட்டு ஒரு பொய்ப் பக்கம் திறந்தார்கள். அதில் இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. கண்ட கண்ட ஆண்களெல்லாம் அவளுக்கு அழைப்பு எடுத்தார்கள். தாய்மார் பிள்ளைகளை ஒவ்வொருவராக வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். பக்கத்தைப் பூட்டும் திறப்பு அவர்களிடம் இல்லை. அதை வைத்திருந்த இணையத் தளக் கம்பனிக்கு அவள் தமிழில் பதினொரு முறை எழுதினாள். பதினொரு முறையும் எழுதிய கையோடு ஒரே பதில் வந்தது: இது எங்கள் விதிகளுக்கு முரணானதல்ல.

"வாசிச்ச ஆள் இப்பிடிச் சொல்லுமோ, அத்தான்?" என்று கேட்டாள்.

பத்திரிகையில் அந்தப் பிரிவைப் பற்றிக் கண்டதும், பாராளுமன்றக் குழு கருத்துக் கேட்கும் கூட்டத்தில் பேசத் தன் பெயரைக் கொடுத்தாள். மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். கடிதங்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவை எங்கோ ஓர் அலுமாரியில் தூங்குகின்றன என்று எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொண்டேன்.

மண்டபம், மதியச் சாப்பாடு, எங்கள் கழுத்தில் தொங்கிய அட்டை எல்லாம் அந்தக் கம்பனியின் அன்பளிப்பு. தன் தொகுதிப் பாடசாலைகளுக்கு அவர்கள் கொடுத்த கணினிகளுக்காகக் குழுத் தலைவர் நன்றி சொன்னார். அதை நான் உருக்கமாக மொழிபெயர்த்தேன். அங்கே யாரும் யாரையும் மிரட்டவில்லை. மேசைக்கு அடியில் எதுவும் கைமாறவில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கம்பனியின் சட்டத்தரணி எழுந்தார். தமிழ் மக்களும் இந்தப் பிரிவை விரும்பவில்லை என்று ஒரு கோப்பைத் தூக்கிக் காட்டினார். முப்பது கடிதங்கள். அடியில் பெயர்களும் முகவரிகளும் முளைத்திருந்தன. அவருடைய உதவியாளர் ஒன்றை எடுத்து வாசித்தார். "பொறுங்கோ, ஒரு மூச்சு எடுத்திட்டுச் சொல்லுறன் ஐயா…"

வயிறு அறிவித்தது. அதையும் மொழிபெயர்த்து முடித்தேன்.

வெளியே காத்திருந்த மச்சாளை அடுத்ததாக அழைத்தார்கள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்தாள். "பொறுங்கோ, ஒரு மூச்சு எடுத்திட்டுச் சொல்லுறன்."

மண்டபம் சிரித்தது. சட்டத்தரணியும் சிரித்தார். "இந்த அம்மாவுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தலைவரே. எங்கள் கடிதத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள்."

அதைத் தமிழாக்கி அவள் காதில் போட வேண்டியவன் நான். போட்டேன். அவள் கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதித் தந்ததோ? எனக்கோ?"

மயங்கி விழலாமா என்று தீவிரமாக யோசித்தேன். கூண்டுக்குள் விழ இடம் போதாது. மைக்கில் என் குரல் வந்தது: "அந்தக் கடிதத்தை எழுதியது நான். முப்பதையும் நான்தான் எழுதினேன். அந்தப் பேச்சு இவருடையது. களவெடுத்தது நான்." தொழில் பழக்கத்தில் அதைச் சிங்களத்திலும் சொன்னேன், ஆங்கிலத்திலும் சொன்னேன். ஆங்கிலத்தில் குரல் கீச்சிட்டது.

தலைவர் கோபப்படவில்லை. "மொழிபெயர்ப்பாளர் சாட்சி அல்ல. அவர் சொன்னதைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றார். கடிதங்களை எடுக்கச் சொல்லவில்லை. என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார். எஞ்சிய நிமிடங்களில் மச்சாள் பேசினாள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

நானும் மச்சாளும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"எப்ப எழுதினீங்கள்?"

"உனக்கு இது நடக்க முந்தி."

"நடந்த பிறகு ஏன் சொல்லேல்லை?"

"பயம்."

"கலியாண வீட்டில முழு மண்டபத்தையும் சிரிக்க வைக்கிற ஆளுக்குப் பயமோ?" அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். "எழுத்தில அனுப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தந்திருக்கினம். முப்பத்தோராவதையும் எழுதுங்கோ. உங்கட பேரில."

'மதிப்புக்குரிய ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. கடைக்காரர் எப்படித் தொடங்குவார், தையல்காரி எப்படித் தொடங்குவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் எப்படித் தொடங்குவேன்? கண் குளியலறைப் பக்கம் போயிற்று. அவள் கதிரையை இழுத்து அந்த வழியில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு மூச்சு எடுங்கோ, அத்தான்."

எடுத்தேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பெயரையும் முகவரியையும் அவள் சத்தமாக வாசித்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள்.