பூண்டு தொங்கிய கயிறு

மன்னவனூர் ரோட்டுக்குத் தார் போடும் மெஷினில் நான் ஆபரேட்டர். ரோட்டோரம் இரும்புக் கம்பிகள் நட்டு, ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டிவைப்போம். மெஷினின் சென்சார் அந்தக் கயிற்றைத் தொட்டுக்கொண்டே வரும். அதை வைத்துத்தான் மெஷின் தாரின் உயரத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். ஆளைவிட மெஷினைத்தான் நம்பலாம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான்.

அன்று காலையில் போய்ப் பார்த்தால், கயிற்றில் வரிசையாகப் பூண்டுக் கட்டுகள்! பாரத்தில் கயிறு தொய்ந்து கிடந்தது.

"யாரு வேலை இது?" என்று கத்தினேன்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா எட்டிப் பார்த்தார். "கயிறு சும்மாதான தம்பி கெடக்கு. பூண்டு காயட்டும்னு போட்டேன்."

"மெஷினுக்கு இதுதான்க்கா கண்ணு. கயிறு தொய்ஞ்சா ரோடும் இங்கன பள்ளமாயிரும்."

அவர் முகம் மாறியது. "அய்யோ, எங்க ரோடாச்சே!"

வெரசாக எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தார். நான் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அதோடு அவர் வீட்டுக்குப் போகவில்லை. மெஷின் நகர நகர, கையில் குச்சியோடு கயிற்றோரமாகவே நடந்தார். எதிரே ஆட்டுமந்தை வந்தது. "ஏலே, அந்தப் பக்கமா ஓட்டு! கயித்துல பட்டுச்சு, தொலைச்சுப்புடுவேன்!" என்று மேய்ப்பவரைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் மெஷின் சத்தமே அமுங்கிப்போனது.

சாயங்காலம் மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். துளிப் பள்ளம் இல்லை.

இப்போதும் அந்த இடத்தில் பஸ் குலுங்காமல் போகும்போது, பக்கத்து சீட்டுக்காரரிடம் "நான் போட்ட ரோடு" என்று சொல்ல வாயெடுப்பேன். "நாங்க போட்டது" என்றுதான் வருகிறது.